எம் பொண்ணுதான்

என் தங்கை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடியே வண்டி ஓட்டிப் பிழைத்தவள். ஓட்டுநர் பயிற்சி வண்டியில் ஸ்டியரிங் கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்கும். கற்றுக்கொடுப்பவர் காலடியில் பிரேக்கும் கிளட்சும் மட்டும் இன்னொரு ஜோடி இருக்கும். அந்த ஜோடியை நம்பித்தான் அவள் முன்பின் தெரியாதவர்களிடம் வண்டியையும் உயிரையும் ஒப்படைத்துவிட்டு, "ம், போ கண்ணு" என்பாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் கிளட்ச். சாலையில் அவள் பேசுவதில் பாதி அந்த ஒரு சொல்தான் என்பதால் வந்த பெயர். மளிகைக் கடைக்குப் போனால், "கிளட்ச் அக்கா வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "பஞ்சர்னு வைக்காம விட்டாங்களே" என்பாள்.

நான் அவளுக்கு மூத்தவள். பள்ளிச் சீருடை தைக்கிறேன். வீட்டின் முன்னறை அவளுடைய பயிற்சிப் பள்ளி, பின்னறை என் தையல் மெஷின். முன்னறை என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாலை விதிப் படம் ஒன்று, சுவர் நிறையப் புகைப்படங்கள். உரிமம் வாங்கிய ஒவ்வொருத்தியையும் அவள் ஸ்டியரிங் பிடித்தபடி நிற்க வைத்து, இல்லை, உட்கார வைத்து ஒரு படம் எடுத்து ஒட்டுவாள். பெண்களுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு பள்ளியைத் தன் பெயரில், தன் வண்டியில், யாரிடமும் கூலிக்கு நிற்காமல் நடத்திய முதல் பெண் அவள்தான். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்.

கல்யாணம் ஒன்று நடந்தது, அது சரிப்படவில்லை, திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஆனால் அவளிடம் கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேரும் அவளுக்குப் பொண்ணுதான். "நம்ம பொண்ணு ஒருத்தி இன்னைக்குப் பாஸ் ஆயிட்டாக்கா." "அந்தப் பேங்க்ல இருக்கற பொண்ணு, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா அழறா." "எம் பொண்ணு ஒருத்தி கார் வாங்கிட்டா, என்னை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டினா. நான் சும்மா உக்காந்திருந்தேன், காலு மட்டும் இல்லாத பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு."

எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கொஞ்ச நாள் இதையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, ஒருநாள் என்னிடம் மெல்லக் கேட்டார். "உங்க தங்கச்சிக்கு மொத்தம் எத்தனை பொண்ணுங்க?"

"இந்த வருஷத்துக்கா, மொத்தமாவா?" என்றேன்.

அப்படிப் பொண்ணாகிப்போன ஒரு அம்மாள் வந்து சேர்ந்தது மழைக்காலம் தொடங்கும்போது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. கணவர் இறந்து, அவர் ஓட்டிய கார் வாசலில் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. மகன்கள் இரண்டு பேரும் விற்றுவிடலாம் என்றார்கள். விற்க வேண்டாம், நான் ஓட்டப் போகிறேன் என்று இந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை எங்கள் முன்னறைக்குக் கொண்டுவந்தது.

"டீச்சர், எனக்கு அம்பத்தாறு முடிஞ்சிருச்சு. இதுக்கப்புறம் வருமா?"

"வண்டிக்கு வயசு பார்க்கத் தெரியாது. செருப்பக் கழட்டிட்டு ஏறு, பொண்ணு."

"பொண்ணா?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "அவ அப்படித்தான். நாளைக்கு ஜனாதிபதி வந்து உக்காந்தாலும் பொண்ணுதான்" என்றேன்.

அந்த அம்மாள் கெட்டியானவர். விரிப்பு மடிக்கிற கை. எதையும் மூலைக்கு மூலை சரியாக வைக்கத் தெரியும். வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்துவதில் அவரைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று தங்கை சொல்வாள். பயம்தான் போகவில்லை. குறுக்கே காக்கை பறந்தாலும் ஸ்டியரிங்கை ஒடித்துவிடுவார்.

ஒருநாள் விபத்து நடந்ததும் அப்படித்தான். தூறல். மருந்துக்கடைத் திருப்பம். சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தது. அம்மாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டார். தங்கை தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. ஈரச் சாலையில் வழுக்கிக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தில் மோதியது. பானெட் நடுவில் மடிந்தது. ரேடியேட்டர் உடைந்து பச்சைத் தண்ணீர் சாலையில் ஓடியது. முன்னால் இருந்த இரண்டு ஏர்பேக்கும் வெடித்துவிட்டன. மோட்டார் சைக்கிள்காரன் நிற்கவே இல்லை.

அந்த அம்மாளுக்குக் கீறல்கூட இல்லை. தங்கைக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. மருந்துக்கடைப் படியில் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். அங்கிருந்துதான் தங்கை பாலிசி அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தமிழுக்கு இரண்டை அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்தவள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டே, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுக்கா. இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டறோம், இதுக்குத்தானே" என்றாள். நானும் நம்பினேன். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி வந்தவள் அவள்.

வண்டியை இழுத்துப்போன ஒர்க்‌ஷாப்காரரை எல்லோரும் பட்டி அண்ணன் என்பார்கள். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, மிச்சப் பள்ளத்தில் பட்டி பூசித் தேய்த்து, மேலே பெயின்ட் அடிப்பதில் கெட்டிக்காரர். விரல் இடுக்கில் எப்போதும் அந்தச் சாம்பல் நிறப் பசை காய்ந்திருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "உசுரு இருக்கு. சேஸிஸ் வளையல. ஆனா நம்ம கைக்காசுல தாங்காதும்மா. கம்பெனி கொடுத்தாத்தான்" என்றார்.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். தவறு ஒன்றும் இல்லை, சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை சுவரில் இருந்த நேர அட்டவணையை அழிக்கவில்லை. சேர்ந்திருந்த பெண்களுக்கெல்லாம், "கொஞ்சம் பொறு கண்ணு, வண்டி ஆஸ்பத்திரியில இருக்கு" என்று போனில் சொன்னாள்.

பிறகு ஒருநாள் விசாரணைக்கு என்று ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல மரியாதை. முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் பின்னறையில் காலர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"உங்க பொண்ணு இருக்காங்களா மேடம்?"

"எந்தப் பொண்ணு?"

"வண்டி ஓட்டினவங்க."

"அவ வீட்ல இருப்பா. இல்லன்னா வேலைக்குப் போயிருப்பா."

"இங்க இல்லையா?"

"இங்க எதுக்கு இருக்கணும்?"

அவர் எழுதிக்கொண்டார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகி, அவ புருஷன் தவறிட்டாரு."

"அச்சச்சோ. சின்ன வயசுலயே."

"சின்ன வயசா? அம்பத்தாறு அவளுக்கு."

பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கித் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க வயசு என்ன மேடம்?" என்றார்.

"நாப்பத்தேழு."

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது. "சார், அவ எங்கிட்ட வண்டி கத்துக்க வந்தவ. எல்லாரையும் நான் பொண்ணுன்னுதான் கூப்பிடுவேன்" என்றாள். அவரும் சிரித்தார். தாளில் இன்னும் எதையோ எழுதினார். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மறுபடியும் சிரித்தார்.

அவர் தெரு முனை திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருந்து, அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். "ஒம்பது வயசு மூத்த பொண்ணைப் பெத்தவடி நீ" என்றேன். "பிரசவம் சுகமாத்தான் இருந்துச்சு, எனக்கே தெரியல" என்றாள் அவள். சுளுக்கிய கையை மறந்து மேசையைத் தட்டிவிட்டு, "ஆ" என்று கத்தினாள். அதற்கும் சிரித்தோம்.

அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதோடு சரி.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் ஒரு பக்கம்தான். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. விபத்தின்போது வண்டியை ஓட்டியவர் பாலிசிதாரரின் மகள் என்று முதலில் தெரிவிக்கப்பட்டது. பயிற்சிக்கு வந்தவர் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. பாலிசி பயிற்சிக்கு மட்டுமே செல்லும், குடும்பத்தார் ஓட்டுவதற்குச் செல்லாது. ஓட்டியவர் யார் என்பதில் தவறான தகவல் தரப்பட்டிருப்பதால் பாலிசியும் ரத்து செய்யப்படுகிறது.

தங்கை அதை வாசித்து என்னிடம் நீட்டினாள். நான் எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "மகள்னு நீ எப்படிச் சொன்னே?" என்றேன்.

"நான் எங்கேக்கா மகள்னு சொன்னேன். பொண்ணுன்னு சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் இருந்தவன் அப்படி எழுதிக்கிட்டான்போல. நேர்ல போனா முடிஞ்சுடும். ஒரு வார்த்தைதானே."

நேரில் போனோம். அந்த அம்மாளும் லீவு போட்டுவிட்டு வந்தார். வராதே என்று தங்கை சொன்னாள். "ஓட்டினது நான். நான் வராம யாரு வர்றது" என்றார். தன் அடையாள அட்டை, பழகுநர் உரிமம், மருத்துவமனை வேலை அட்டை, கணவரின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரே அளவில் மடித்த உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இறப்புச் சான்று எதற்கு என்று கேட்டேன். "கேட்டா என்ன பண்றது" என்றார்.

அலுவலகம் நல்ல குளிர். டோக்கன் எண் சுவரில் சிவப்பாக மாறிக்கொண்டே இருந்தது. எங்களைக் கூப்பிட்டது ஒரு பெண் அதிகாரி. என் தங்கை வயதுதான் இருக்கும். மூன்று பேரையும் உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மாள் உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

"நான்தான் மேடம் ஓட்டினேன். நான் இவங்க மக இல்ல. பாருங்க, எனக்கே பேரன் இருக்கான்."

"நீங்க ஓட்டலன்னு நான் சொல்லலம்மா. இவங்க என்ன சொன்னாங்கன்னுதான் பிரச்சினை."

"அவங்க எல்லாரையும் பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க."

"அது எனக்குப் புரியுது. பொண்ணுன்னா பல அர்த்தம் இருக்கு. அதுக்காகத்தான் அன்னைக்குப் போன் எடுத்த பையன் திருப்பிக் கேட்டிருக்கான்." அதிகாரி தங்கையைப் பார்த்தார். "உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

தங்கைக்கு ஞாபகம் இல்லை. அதிகாரி கணினியில் எதையோ தேடி, ஒலியைக் கூட்டினார். மேசை மேல் இருந்த சிறிய ஸ்பீக்கரிலிருந்து மருந்துக்கடைப் படி வந்தது. மழைச் சத்தம். யாரோ கூட்டத்தை விலகச் சொல்கிற சத்தம். பக்கத்தில் ஒரு பெண் விம்முகிறாள், "டீச்சர், உங்க வண்டியக் கொன்னுட்டேனே, உங்க பொழப்பக் கொன்னுட்டேனே" என்கிறாள். பிறகு என் தங்கையின் குரல்.

"நம்ம பொண்ணுதான் சார் ஓட்டிட்டிருந்தா. குறுக்க ஒருத்தன் வந்துட்டான். அவளுக்கு ஒண்ணும் ஆகல."

"வண்டி ஓட்டினது உங்க சொந்தப் பொண்ணா மேடம்?"

கொஞ்ச நேரம் விம்மல் மட்டும் கேட்டது. அப்புறம் தங்கை பேசினாள். அவள் குரல் போனை விட்டு விலகி, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துப் பேசுவதுபோல ஒலித்தது.

"எம் பொண்ணுதான். என் சொந்தப் பொண்ணுதான். நீ அழாத."

அதிகாரி நிறுத்தினார்.

அந்த அம்மாள் மேசையில் இருந்த தன் அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரம் பிசகாமல் அடுக்கினார். அடுக்கி முடித்து, கலைத்து, மறுபடி அடுக்கினார்.

"மேடம், அது அவங்ககிட்டச் சொன்னது. உங்க ஆளுகிட்டச் சொன்னது இல்ல" என்றேன் நான். எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"தெரியுதுங்க. எனக்குக் கேக்குது." அவர் உண்மையாகத்தான் சொன்னார். "ஆனா ஃபைல்ல கேள்வி இருக்கு, பதில் இருக்கு. யாரப் பார்த்துச் சொன்னாங்கன்னு ஃபைல்ல இடம் இல்ல."

கூடவே வேறொன்றும் சொன்னார். மறுபரிசீலனைக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. முதலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்புவார். கிடைக்கும் என்று உறுதி இல்லை. அனுப்பாவிட்டால் அதுவும் இல்லை.

"பொய்யா?" என்றாள் தங்கை. "தப்புன்னு எழுதலாமா?"

"படிவத்துல அப்படித்தான் இருக்கு மேடம்."

படிவத்தைத் தங்கை நிரப்பினாள். சுளுக்கிய கை இன்னும் சரியாகவில்லை, எழுத்து கோணியது. பேர், முகவரி, வண்டி எண் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். வாகனத்தை ஓட்டியவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு. கீழே சிறிய எழுத்தில், உறவு இல்லையெனில் 'எதுவும் இல்லை' எனத் தெளிவாக எழுதவும்.

"மாணவின்னு எழுதலாமா?"

"அது உறவு இல்லையே மேடம்."

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "எழுதுங்க டீச்சர். அதானே உண்மை. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

தங்கை எழுதினாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. வெளியே வந்ததும் மூன்று பேரும் ஒரே பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாள் மட்டும் தனக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். அந்தப் பக்கம் போகிற பேருந்து அவர் வீட்டுப் பக்கமே போகாது. தங்கை அவர் கடக்கும் வரை நின்று பார்த்தாள். நடுவில் ஒரு கார் வேகமாக வந்தபோது அவளுடைய கால் தானாகத் தரையை அழுத்தியது.

பட்டி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னோம். காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார். "வண்டில எத்தனை பள்ளம் இருந்தாலும் பட்டி பார்த்துடுவேன்மா. பேப்பர்ல விழுந்த பள்ளத்துக்கு எங்கிட்டப் பட்டி இல்லையே" என்றார். வண்டியை ஒர்க்‌ஷாப்பின் கடைசிச் சுவரோரம் தள்ளி வைத்தார். வாடகை கேட்கவில்லை. ஆனால் இடம் வேண்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மழை உடைந்த பானெட் வழியே என்ஜின் மேல் பெய்தது. நான் ஒரு தார்ப்பாய் தைத்துக் கொண்டுபோய்ப் போர்த்தினேன்.

மறுபரிசீலனை பதில் வந்தது. முதலில் தந்த தகவல் பொய் என்று பாலிசிதாரரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், நிராகரிப்பு உறுதி செய்யப்படுகிறது.

தங்கை அதை இரண்டு முறை வாசித்தாள். "ஒப்புக்கிட்டா அனுப்பறேன்னாங்க. அனுப்பிட்டாங்க. ஒப்புக்கிட்டதாலயே இல்லன்னுட்டாங்க" என்றாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. நான் வாயால ஒரு தடவை, கையால ஒரு தடவை."

"உன் வாயில என்னடி தப்பு" என்றேன்.

"வாய்தான்க்கா எல்லாம். கிளட்சுன்னு பேரு வாங்கினவ நேரத்துக்கு அதை மிதிக்கத் தெரியாம விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மாள் வந்தார். உட்காரவில்லை. கதவருகில் நின்றபடி, தார்ப்பாய்க்குள் இருக்கிற தன் காரைத் தங்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மகன்களிடம் பேசிவிட்டாராம். சண்டை போட்டுத்தான் பேசியிருக்கிறார், குரலில் தெரிந்தது. பட்டி அண்ணன் உடைந்த வண்டியிலிருந்து இரண்டாவது பிரேக்கையும் கிளட்சையும் கழற்றி அதில் மாட்டிவிடலாம் என்றார். ஒரு நாள் வேலைதான் என்றார். அன்று மாலை தங்கை நேர அட்டவணையை ஈரத்துணியால் துடைத்துப் புதிதாகக் கோடு போட்டாள்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பயிற்சி வண்டி சாலையில் இறங்க முடியாது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் பேரைத் தட்டியதும் கணினி ஒன்றையே சொன்னது. பொய்த் தகவல் கொடுத்து ரத்தானவர். ஒருவர் மட்டும் தருகிறேன் என்று ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கட்டுவதற்கு அந்த அம்மாளின் காரை விற்க வேண்டியிருக்கும் என்று தங்கை சொல்லிவிட்டு வந்தாள். அது வேடிக்கை இல்லை, கணக்கே அதுதான்.

காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நேரில் போய்ச் சொல்லவில்லை. போனில் சொன்னாள்.

உடைந்த வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கிற நாள் நானும் போனேன். இருக்கை உறை நான் தைத்தது, சாம்பல் துணி, ஓரத்தில் நீல விளிம்பு. கத்தரியால் தையலைப் பிரித்து நாலு உறையையும் எடுத்தேன். ஓட்டுகிற இருக்கையின் உறை அவ்வளவு தேயவில்லை, எத்தனையோ பேர் மாறி மாறி உட்கார்ந்தது. பக்கத்து இருக்கையின் விளிம்பு நூலாகி இருந்தது. கீழே ரப்பர் விரிப்பில் குதிகால் படுகிற இடத்தில் ஓட்டை. அவள் காலை மிதிக்காமல் தயாராக வைத்துக்கொண்டே இருந்த இடம். பட்டி அண்ணன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இரும்பு வியாபாரி கொக்கியை மாட்டினார். தங்கை வரவில்லை.

ஊரின் பெரிய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இப்போது அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். பதினைந்து வண்டி, ஒரே நிறம். சட்டைப் பையில் பேர் எழுதிய பட்டை. வண்டிக்குள் கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா, பேசுவதெல்லாம் பதிவாகும். மாணவர்களை சார், மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

சேரும்போது அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள ஒருவர் பேர் கேட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

"உறவு?" என்றார் எழுதியவர்.

"அக்கா. கூடப் பொறந்த அக்கா. ஒரே அம்மா, ஒரே அப்பா. வாய்வார்த்தைக்குச் சொல்ற அக்கா இல்ல. சான்றிதழ் வேணும்னா கொண்டுவரேன்."

"அக்கான்னா போதும் மேடம்."

"இல்ல சார், முழுசா எழுதிக்குங்க" என்று அவர் எழுதி முடிக்கும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் துணிக்கடையிலிருந்து பேருந்தில் வரும்போது சிக்னலில் பக்கத்திலேயே அந்த நிற வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் அவள். ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பெண், தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. விளக்கு மாறியதும் வண்டி குலுங்கி நின்றுபோனது. பின்னால் ஹாரன். அந்தப் பெண் அழுதுவிட்டாள் என்று நினைக்கிறேன். என் தங்கையின் உதடு அசைந்தது. கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்ன சொன்னே அவளுக்கு என்று.

"கிளட்ச்சை முழுசா மிதிங்க மேடம்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன சொல்றது?"

முன்னறைச் சுவரில் படங்கள் இருக்கின்றன. அவள் எடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மேசையை நான் துணி வெட்ட எடுத்துக்கொண்டேன். என் வேலைக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது.

போன வாரம் அவளுக்கு ஒரு போன் வந்தது. நான் மேசையில் அரைக்கால் சட்டைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினாள். பேசினாள் என்பதைவிடக் கேட்டாள். "ம்." "எப்போ?" "யாரு வாங்கினாங்க?" "நல்ல விலைதானே." அந்தப் பக்கக் குரல் எனக்குச் சன்னமாகக் கேட்டது. நான்தான் டீச்சர், உங்க பொண்ணு பேசறேன் என்றுதான் அது தொடங்கியிருந்தது. தார்ப்பாயை மட்டும் விற்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன் என்று முடிந்தது.

"சரிங்க. உடம்பப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

"யாருடி?" என்றேன், தெரிந்தும்.

அவள் மறுநாள் போட வேண்டிய சட்டையை எடுத்து, பேர்ப் பட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"தெரிஞ்சவங்க" என்றாள்.